கம்பியில் ஒரு கை

யாராவது தொட்டால்தானே இரைச்சல் அடங்கும்?

அவள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கிடார் பழுது பார்ப்பவள். இது அவளுக்குத் தினசரிப் பாடம். கம்பியில் கை பட்டால் ஸ்பீக்கரின் ரீங்காரம் குறையும், எடுத்தால் திரும்பி வரும். இப்போது பேஸ் கிடார் மேஜைமேல் தனியாகக் கிடந்தது. அவள் கைகள் மடியில். அண்ணனின் கைகள் பேன்ட் பைக்குள்.

ரீங்காரம் நின்றிருந்தது.

மத்தியானம்தான் அண்ணன் அதைக் கொண்டுவந்தான். அண்ணியின் கிடார். அண்ணி மாடிப்படியில் சறுக்கி விழுந்து செத்துப்போனாள் என்று எல்லோரிடமும் சொன்னவன் அவன்தான்.

"டோனைத் திறந்தா கீச்சுனு ஒரு சத்தம் வருது. அது வராம பண்ணிக் குடு."

"வித்துடலாமேண்ணே?"

"வாங்கினவன் திருப்பிக் கொண்டாந்துட்டான். வாயக் கொறச்சுட்டு வேலையப் பாரு."

பின்தகட்டைக் கழற்றி, கூரான ஒலியை வடிக்கும் பழைய கெப்பாசிட்டரை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்றைப் பற்றவைத்தாள். ஈயப்புகை மூக்கில் ஏறியது. ஸ்பீக்கரில் இணைத்து, டோன் திருகை முழுக்கக் குறைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இனிக் கூரான ஒலி எதுவும் வெளியே வரக்கூடாது. கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமான அதிர்வு மட்டும்தான் கேட்க வேண்டும்.

கீச்.

தடித்த கம்பியின்மேல் நகம் இழுபட்டது. தெளிவாக. கழுத்திலுள்ள ஒவ்வொரு ஃப்ரெட் பட்டையிலும் தடுக்கித் தடுக்கிக் கீழே இறங்கியது, படியைப் பற்றிக்கொள்ளப் பார்க்கும் கைபோல.

அண்ணன் பாய்ந்து கிடாரின் கழுத்தை இறுக்கிப் பிடித்தான். அவன் தொட்டதும், அடங்குவதற்குப் பதில் ஸ்பீக்கர் உறுமியது. மேஜையிலிருந்த திருகாணிகள் நடுங்கின.

கையை உதறினான்.

மறுபடி அமைதி.

"கம்பி மாட்டியிருக்குற பிரிட்ஜுக்கு ஒரு எர்த் வயர் போகுமே," என்று கிசுகிசுத்தான். "அத வெட்டிடு. அப்புறம் அவ தொட்டாலும் தெரியாதுல்ல?"

யாரோ தொடுகிறார்கள் என்று அவள் சொல்லவே இல்லை.

அவன் நெற்றி வியர்வையைப் பார்த்தாள். அறையில் தன்னைத் தவிர இருக்கும் இருவரில் யாருக்குத் தான் பயப்படுகிறோம் என்பது அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. கட்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வெட்ட ஒரு நொடி போதும். அண்ணி இங்கே இருக்கிறாள் என்று சொல்ல அந்த ஒரு வயரைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை.

"வெட்டுன்னு சொல்றேன்ல. என் கூடப் பொறந்தவதானே நீ?"

ஸ்பீக்கரில் நகத்தின் சத்தம் கம்பிவழியே மெல்ல மேலேறியது. அவன் நின்றிருந்த பக்கம் வந்து நின்றது.

அவள் கட்டரை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"மாட்டேண்ணே."