நூற்று நாற்பத்தாறுக்கும் நூற்று நாற்பத்தேழுக்கும் நடுவில்

சௌந்திரம் கல்யாணமாகிச் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து இறங்கியது 1978ஆம் வருடம், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். மளிகை மண்டிகளுக்கு நடுவே ஒரு சந்து. அதில் மிளகாய் மூட்டைகள் அடுக்கிய கிடங்குக்கு மேலே மாடி வீடு. படியேறும்போதே மூக்கு எரிந்தது. அவளுடைய சேலைப் பெட்டியைத் தூக்கி வந்த ஆள் இரண்டு முறை தும்மினான். கணவன் காளியண்ணன் சிரித்துக்கொண்டே, பத்து நாளில் பழகிவிடும் என்றான்.

பெட்டியில் இருந்த சேலைகளில் பாதி அவளுக்காக எடுத்தவை அல்ல. அவளுடைய அக்கா வசந்தாமணிக்காக எடுத்தவை. காளியண்ணனுக்கு முதலில் நிச்சயமானவள் வசந்தாமணிதான். வைகாசி முகூர்த்தத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, பனமரத்துப்பட்டி வீட்டில் மஞ்சள் காமாலையில் அவள் இறந்துபோனாள். கூறைச்சேலை வரை எடுத்தாகிவிட்டது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பேசி, துக்கம் கழிந்ததும் அதே கூறைச்சேலையில் தங்கையைக் கட்டிக்கொடுத்தார்கள். சௌந்திரத்திடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் அவள் மறுத்திருக்க மாட்டாள். காளியண்ணன் பெண் பார்க்க வந்த அன்று காபி கொண்டுபோய்க் கொடுத்தவள் அக்கா. கதவிடுக்கு வழியாக அவன் விரல்களில் ஒட்டியிருந்த கறுப்பு மையையே பார்த்துக்கொண்டு நின்றவள் இவள்.

காளியண்ணன் படம் வரைகிறவன். கொட்டகைகளில் இடைவேளையின்போது காட்டுகிற விளம்பர சிலைடுகள் எழுதுவது அவன் தொழில். மெட்ராஸில் இரண்டு வருடம் இருந்து கார்ட்டூன் படம் செய்யவும் கற்று வந்திருந்தான். ஒரு பெண் தலையைத் திருப்ப வேண்டுமென்றால், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிற பத்துப் பதினைந்து தலைகளை வரைய வேண்டும். ஒவ்வொன்றையும் கேமராவில் பிடித்து ஓட்டினால் தலை தானாகத் திரும்பும்.

புரட்டாசியில் ஜவுளிக்கடை ராசப்பன் வந்து, தீபாவளிக்கு அப்படி ஒரு படம் வேண்டும் என்று கேட்டார். அரை நிமிடப் படம். ஒரு பெண் சேலையை எடுத்துத் தோளில் போட்டு அழகு பார்ப்பாள். பிறகு திரும்பி, கொட்டகையில் இருப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். கடைசியில் கடையின் பெயர் வரும்.

முன்னூற்றுச் சொச்சம் படங்கள். காளியண்ணன் பட்டப்பகலில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கண்ணாடி மேசைக்கு அடியில் பல்பை எரியவிட்டு வரைந்தான். ஒரு தாளின் மேல் அடுத்த தாளை வைத்தால் அடித்தாளின் கோடுகள் தெரியும். இருட்டு அறையில் அந்த ஒரு சதுரம் மட்டும் வெள்ளையாகக் கிடக்கும். பசையும் மையும் கீழிருந்து ஏறிவரும் மிளகாய் நெடியும் ஒன்றாகக் கலந்து நிற்கும். தாள்களுக்கு எண் போட்டு அடுக்குவது சௌந்திரத்தின் வேலை.

நாற்பதாவது தாள் வரைக்கும் அது ஏதோ ஒரு பெண்ணாக இருந்தது.

அதற்குப் பிறகு அது வசந்தாமணி.

அதே அகன்ற நெற்றி, அதே மேலேறிய இடது புருவம். சௌந்திரம் தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் மனதில் முதலில் வந்தது பயமில்லை, பொறாமைதான். கட்டிக்கொண்டு வந்தவள் பக்கத்தில் நிற்கிறாள், இவன் கை செத்தவளைத் தேடிப் போகிறது.

"அக்காளத்தானே வரையறீங்க?" என்று கேட்டாள்.

காளியண்ணன் தலை நிமிர்ந்து பார்த்தான். "அந்தப் புள்ளயெ நானு ஒரே ஒருக்காத்தான் பாத்தேன். தல குனிஞ்சுக்கிட்டு இருந்துது. மொகமே நெனப்புல இல்ல."

அவள் நம்பவில்லை. அன்று அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அவளே ஒரு சேலையை எடுத்துத் தோளில் போட்டு அவன் எதிரில் நின்று, என்னைப் பார்த்து வரையுங்கள் என்றாள். மூன்று நாள் அப்படி நின்றாள். கால் கடுத்தது. அவன் கண் தன் மேல் இருக்கிற நேரமெல்லாம் மனசு நிறைந்திருந்தது. வரைந்து முடித்த தாள்களை அடுக்கும்போது பார்த்தாள். எல்லாமே அக்கா முகம்.

காளியண்ணனுக்கு அந்த வித்தியாசம் தெரியவே இல்லை. உன்னைத்தானே வரைந்திருக்கிறேன் என்று சாதித்தான்.

தாள்கள் மெட்ராஸுக்குப் போய், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு பிலிமாகத் திரும்பி வந்தன. சனிக்கிழமை மேட்னி ஆட்டத்தில் முதன்முதலாக ஓட்டினார்கள். சௌந்திரம் பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முறுக்கும் பீடிப் புகையும் மணந்தன. இடைவேளை முடிந்து விளக்குகள் அணைந்தன.

திரையில் அந்தப் பெண் சேலையை எடுத்தாள். தோளில் போட்டாள். மெதுவாகத் திரும்பினாள்.

சிரிப்பதற்கு முன்னால், கண் இமைக்கும் நேரம், அவள் முகம் வேறு ஒன்றாக ஆனது.

கொட்டகையில் பேச்சு நின்றது.

அடுத்த நொடி அவள் சிரித்தாள், கடையின் பெயர் வந்தது, யாரோ ஒருவர் இருமினார். முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது. வெளியே வரும்போது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்தப் பெண் அழுதாள் என்றார் ஒருவர். கோபமாக முறைத்தாள் என்றார் இன்னொருவர். பல்வலிக்காரியைப் போல வரைந்து வைத்திருக்கிறாயே என்று ராசப்பன் காளியண்ணனிடம் சத்தம் போட்டார். ஒன்றை யாரும் சொல்லவில்லை, ஆனால் சௌந்திரம் கவனித்திருந்தாள். பெஞ்சில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அந்த நொடியில் தங்கள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். திரையிலிருந்த கண்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவரவர் தோளைப் பார்த்தன.

அவளுக்கு அந்த முகம் தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் காளியண்ணன் ஆபரேட்டரிடம் வாங்கி வந்த பிலிம் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தாள்களையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தான். நூற்று நாற்பத்தாறாவது தாளில் முகம் திரும்பி முடிகிறது. நூற்று நாற்பத்தேழில் உதடு சிரிக்கத் தொடங்குகிறது. நடுவில் எதுவும் இல்லை.

பிலிமில் இருந்தது.

இரண்டுக்கும் நடுவே ஆறு கட்டங்கள். உதடு பாதிச் சிரிப்பில் நின்றுபோயிருந்தது. புருவம் சுருங்கவில்லை. கண் மட்டும் அகலமாகத் திறந்து, சற்றுக் கீழே, பக்கவாட்டில் பார்த்தது.

"இத நானு வரையலெ," என்றான் காளியண்ணன்.

பிளேடால் அந்த ஆறு கட்டங்களையும் வெட்டி எடுத்து, பிலிமை ஒட்டினான். வெட்டிய துண்டை அடுப்பில் போட்டார்கள். சுருண்டு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேட்னியில் அந்தப் பெண் திரும்பினாள்.

முகம் மாறியது.

முதல் நாளைவிடச் சற்று அதிக நேரம் அப்படியே இருந்தது.

ராசப்பன் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் சௌந்திரம் கணவனை உட்காரவைத்து, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

அக்கா காமாலையில் கிடந்தபோது ஒரு மத்தியானம் அப்பாவும் அம்மாவும் பச்சிலை வாங்க மல்லூர்ப் பக்கம் போயிருந்தார்கள். அக்கா தண்ணீர் கேட்டாள். சொம்பை எடுக்க உள் அறைக்குப் போன சௌந்திரத்தின் கண்ணில் கூறைச்சேலைப் பெட்டி பட்டது. ஒரு நிமிடம் என்று நினைத்துத்தான் திறந்தாள். சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர்க் கண்ணாடியில் பார்த்தாள். அவளுக்கு அது பொருந்தியிருந்தது. அக்காவைவிட நன்றாகவே பொருந்தியிருந்தது. தண்ணீரை மறந்து நின்றாள். அக்கா எழுந்திருக்காமலே போய்விட்டால், என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியில், அவள் தோளுக்குப் பின்னால், திறந்திருந்த கதவுக்கு அப்பால், கட்டிலில் இருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த முகம்தான் அது. திரும்பிப் பார்ப்பதற்குள் அக்கா சுவர்ப்பக்கம் புரண்டுவிட்டாள். கொண்டுபோன தண்ணீரைக் குடிக்கவில்லை. இரண்டு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் கிடந்து, மூன்றாம் நாள் விடிகாலையில் போய்விட்டாள்.

"அது அழுகையும் இல்ல, கோவமும் இல்லீங்க," என்றாள் சௌந்திரம். "அது என்னுதுன்னு சொல்ற மொகம்."

காளியண்ணன் எழுந்து போய், கூறைச்சேலை இருந்த பெட்டியை வெளியே இழுத்துவைத்தான். பிறகு, "குடுத்துருவோம்," என்றான்.

தாள்களையும் பிலிமையும் எரித்தார்கள். அடுத்த அமாவாசையன்று பனமரத்துப்பட்டி வீட்டில், கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணுக்குக் கன்னியாக வைத்துப் படையல் போட்டார்கள். கூறைச்சேலையை மடித்து வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்தாள் சௌந்திரம். விழுந்து கும்பிட்டபோது அவள் அழுதது எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. சேலையைக் கொடுத்தாயிற்று. ஆனால் எழுந்து கணவன் பக்கத்தில் போய் நின்றபோது, இவனைக் கொடுக்க மாட்டேன் என்றுதான் அவள் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. காளியண்ணன் முகம் வரைவதையே விட்டுவிட்டான். வெண்ணந்தூருக்குக் குடிபோனார்கள். லாரிகளுக்குப் பெயரும் பூவும் எழுதிக் கொடுத்து நன்றாகவே சம்பாதித்தான். 1980 தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. அப்பனைப் போலவே நீள விரல்கள். சௌந்திரம் குழந்தையை இடுப்பை விட்டு இறக்கவே மாட்டாள். வேறு யாராவது தூக்கினால்கூட அவளுக்குப் பொறுக்காது.

குழந்தைக்குப் பேச்சுத்தான் தாமதமாக வந்தது. இரண்டு வயது முடிந்தும் ஒரு சொல் பேசவில்லை. ஒரு நாள் காலையில் காளியண்ணன் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, சௌந்திரம் குழந்தைக்கு எதிரில் உட்கார்ந்து பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் கன்னத்தைத் தொட்டது. தெளிவாக வாய் திறந்தது.

"சின்னம்மா."

அந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு வேறு உடன்பிறப்பு இல்லை. அந்தச் சொல்லைக் குழந்தை கேட்டிருக்கவே வழியில்லை.

"அம்மா சொல்லு சாமி," என்றாள் மெல்ல. "நானு அம்மா."

குழந்தை இல்லை என்று தலையாட்டியது. சரியாகச் சொன்னேனா என்று யாரையோ கேட்பதுபோல, ஆளில்லாத சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அதன் முகம் மலர்ந்தது.

"அம்மா," என்று கூப்பிட்டபடி எழுந்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்தது.