எட்டாவது மூச்சு

காலை ஆறு பதினெட்டு. எட்டு நிமிடம் தாமதம்.

அம்மா நீல விரிப்பை அவசரமாக விரித்தாள். தம்பி அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நான் கதவோரம் சீப்போடு நின்றேன்.

போன வருடம்வரை ஆறு பத்து என்னுடையது. அம்மா எனக்கு இரட்டைப் பின்னல் போடும் நேரம். பிறகு தம்பிக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினமும் போடும் ஊசியோடு யோகாவும் மூச்சுப் பயிற்சியும் உதவும் என்றார் மருத்துவர். என் நேரம் அவனுக்குப் போனது. எனக்கு ஒரு ரப்பர் பேண்ட் கிடைத்தது.

"விரல்ல குத்தி சர்க்கரை பாக்கலையே?" என்றான் தம்பி.

"நேரமாச்சுடா. முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்."

"குட்டிச் சாமியார் தியானத்துல உக்காந்தாச்சு," என்றேன்.

"சும்மா இருடி," என்ற அம்மா தம்பி பக்கம் திரும்பினாள். "நாலு எண்ணி இழு. ஆறு எண்ணி விடு."

தினமும் எட்டாவது மூச்சில் தம்பி இடது கண்ணை மட்டும் திறப்பான். என்னைப் பார்த்து நாக்கை நீட்டுவான். மூடிக்கொள்வான். அம்மாவிடம் சொன்னால், "பொறாமை பிடிச்சவளே" என்பாள்.

உண்மைதான். அதனால்தான் நான் ஒருநாளும் எண்ணத் தவறியதில்லை.

ஏழு. எட்டு.

கண் திறக்கவில்லை.

ஒன்பது. பத்து.

"பாத்தியா, இன்னைக்கு எவ்ளோ சமத்தா உக்காந்திருக்கான்!" என்றாள் அம்மா.

எனக்கு வயிறு எரிந்தது. சமத்தாம்! கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் மேலுதடு வியர்த்திருந்தது. விரல்கள் நடுங்கின.

"டேய், நாக்கை நீட்டுடா."

"ம்..." என்றான். நீட்டவில்லை.

வியர்வையும் நடுக்கமும் வந்தால் என்ன அர்த்தம் என்று மருத்துவர் வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

"அம்மா, நிறுத்து! இது சமத்து இல்ல. சர்க்கரை இறங்கிடுச்சு!"

அம்மா ஓடிப்போய்ச் சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து வந்து, அவன் விரலில் குத்தினாள். ஐம்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாது. அதற்குள் நான் குளுக்கோஸ் டப்பாவைத் திறந்து தண்ணீரில் கலக்கிவிட்டேன். தம்பி மெதுவாகக் குடித்தான். பாதி சட்டையில் சிந்தியது. இன்னொரு டம்ளர் கலக்கினேன்.

கால் மணி நேரம் கழித்து எண் தொண்ணூற்றாறு.

அம்மா ஒரு தாளில் 'முதலில் விரல், அப்புறம்தான் மூச்சு' என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். பிறகு என்னை அந்த நீல விரிப்பிலேயே உட்காரவைத்து, ரப்பர் பேண்டைக் கழற்றினாள்.

"உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

"எட்டாவது மூச்சுல கண்ணைத் திறக்கலை. பதினோரு மாசத்துல ஒருநாள்கூட அவன் அதை விட்டதில்ல."

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது.

தம்பி என்னைப் பார்த்தான். இந்த முறை இரண்டு கண்களாலும்.

"அக்கா, தினமும் நீ என்னையேவா பாத்துக்கிட்டு இருந்த?"