கரையொளிச் சங்கத்தின் ஒரே பொய்

புதுத்துறையில் யாரும் நீச்சல் கற்றுக்கொள்வதில்லை. சனிக்கோளைச் சுற்றும் டைட்டனில் கடல் என்பது தண்ணீர் அல்ல. கடுங்குளிரில் திரவமாகிப்போன மீத்தேன். தண்ணீரின் கனத்தில் பாதிகூட அதற்குக் கிடையாது. பனிக்கட்டி அதில் கல்லைப்போல மூழ்கும். மனிதனும் அப்படித்தான். ஆகவே வீட்டிலிருந்து யாராவது படகேறக் கிளம்பினால், அவருடைய வெப்ப உடையின் இடுப்பு வளையத்தில் கயிறு மாட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வழியனுப்புவார்கள்.

மக்கள் குடியேறிய புதிதில் ஒரு கல்யாணக் கூட்டத்தை ஏற்றிவந்த படகு பல்லுப்பாறையில் மோதி உடைந்தது. பனிப்பாறைதான், ஆனால் அந்தக் குளிரில் கருங்கல்லைவிடக் கெட்டி. கரையில் மாலையோடு காத்திருந்த உறவினர்கள், உடைந்த படகின் முகப்பு விளக்கைக் கழற்றி அதே பாறையின் உச்சியில் நட்டார்கள். கரையொளிச் சங்கம் அப்படித்தான் பிறந்தது. இன்று அந்தக் கடலின் ஆபத்தான பாறைகளில் எல்லாம் சங்கத்தின் விளக்குகள் இருக்கின்றன. மீட்புப் படகில் போகிறவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. சங்கத்துக்கு ஒரு பெருமையும் உண்டு: தொடங்கிய நாளிலிருந்து ஒரு பொய்யான எச்சரிக்கையைக்கூட அது அனுப்பியதில்லை. பனிமூட்டம் வருமா என்று சந்தேகமிருந்தால், 'சந்தேகம்' என்றே அனுப்புவார்கள்.

அன்று பல்லுப்பாறை விளக்கில் ஞானப்பூவுக்குப் பணி. கண்ணாடியில் படியும் செம்மஞ்சள் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பாறை அதிர்ந்தது. நிலநடுக்கம் அங்கே புதிதல்ல. ஆனால் கடலடியை ஓசையால் அளந்து காட்டும் எதிரொலிமானியைப் பார்த்ததும் அவள் துணியைக் கீழே போட்டாள். பாறையின் ஒரு பக்கம் பிளந்து சரிந்து, படகுகள் போகும் வாய்க்காலின் குறுக்கே, ஓர் ஓரத்தில் மட்டும் இடுக்கு விட்டு, விழுந்திருந்தது. கடல் மட்டத்துக்கு மேலே எதுவும் தெரியவில்லை. ஓர் ஆள் ஆழத்துக்குள் பாறையின் முனை கத்திபோல நின்றது.

விளக்கைச் சிவப்புக்கு மாற்றினாள். கடலில் இருக்கும் எல்லோருடைய கண்திரைக்கும் எச்சரிக்கை அனுப்பினாள். கண்திரை என்பது விழியின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். செய்தி வந்தால் பார்வைக்கு நடுவே எழுத்தாகத் தோன்றும். ஒரு முறை இமைத்தால் போய்விடும். காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, துணிக்கடைத் தள்ளுபடி எல்லாம் அதில்தான் வரும். அதனால் மக்கள் படித்து இமைப்பதில்லை, வந்ததும் இமைத்துவிடுவார்கள்.

எல்லோரும் இமைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி பிலவேந்திரன். அக்கரை மாதா கோயில் சப்பரம் பார்க்கக் கிளம்பிய குடும்பங்களைப் படகு நிறைய ஏற்றிக்கொண்டு அந்த வாய்க்காலை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தான். அவனை அழைத்தாள்.

"ஏலே பிலவேந்திரா, படகை நிப்பாட்டுல!"

"யக்கா, என்ன விசயம்? சப்பரம் கிளம்பிரும், நானே அவசரத்துல போறேன்."

"வாய்க்கால்ல பாறை சரிஞ்சு கெடக்கு. சிவப்பு வெளக்கு தெரியலையா ஒனக்கு?"

"தெரியுது, தெரியுது. உங்க வெளக்கு எப்பத்தான் எரியல? வரைபடத்துல வழி சுத்தமா இருக்குக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

"வரைபடம் பழசுல..."

துண்டித்துவிட்டான். மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. படகிலிருந்த அவன் மனைவி அந்தோணியாளை அழைத்தாள். "மைனி, நீங்க எப்பவும் இப்படித்தான் பயப்படுவிய," என்று அவள் சிரித்தாள். பின்னால் பாட்டும் கைதட்டலும் கேட்டன.

மீட்புப் படகின் ஓட்டுநர் தொம்மை கீழ்த்தளத்திலிருந்து ஏறி வந்தார். சுவர்த் திரையில் படகின் இடத்தைக் காட்டும் புள்ளி நகர்வதைப் பார்த்தார். "நான் இப்பம் கிளம்புனாலும் முந்திப் போய் மறிக்க முடியாது, ஞானப்பூ. விழுந்த பிறகு எடுக்கலாம்."

ஞானப்பூ அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். படகில் இருந்தவர்களில் பாதிப்பேர் அவளுக்குத் தெரிந்தவர்கள். நின்றாள். சங்கத்தின் முத்திரை இல்லாமல், அனுப்புகிறவர் பெயர் இல்லாமல், ஒரு செய்தியை எழுதி அந்தப் பயணிகளின் குடும்பக் குழுக்களில் போட்டாள்:

'அவசரம்!!! பல்லுப்பாறை அருகே மர்மக் கதிர். கண்திரையில் சேமித்த படங்கள் எல்லாம் அழிந்துவிடும். என் நண்பரின் சித்தப்பாவுக்கு நடந்த உண்மைச் சம்பவம். உடனே எல்லோருக்கும் பகிரவும்.'

"என்ன காரியம் பண்ணிட்ட?" என்றார் தொம்மை.

திரையையே பார்த்தாள். புள்ளி நகர்ந்தது, தயங்கியது, நின்றது. பிறகு அரைவட்டம் அடித்துத் திரும்பி, பாறையைச் சுற்றிய நீண்ட வழியில் போனது. ஞானப்பூ தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

திருவிழா முடிவதற்குள் அந்தச் செய்தி கடலைச் சுற்றிவிட்டது. போகிற வழியில் அது வளர்ந்தது. கதிர் பாறையிலிருந்து அல்ல, விளக்கிலிருந்து வருகிறது என்றது ஒன்று. குழந்தைகளின் கண்ணைப் பறிக்கும் என்றது இன்னொன்று. சங்கத்தின் தலைவரே அதை 'நம்பத் தகுந்த இடத்திலிருந்து வந்தது' என்று சேர்த்து ஞானப்பூவுக்கு அனுப்பினார்.

அக்கரையிலிருந்து திரும்பிய படகுகள் அந்த நீண்ட வழியிலேயே வந்து பல்லுப்பாறையின் துறையில் வரிசையாக அணைந்தன. முதல் ஆளாகப் படியேறி வந்தவன் பிலவேந்திரன்.

"வெளக்க அணைங்கக்கா. சனம் கொதிச்சுப் போய் நிக்கி."

"ஏலே, அந்தச் செய்தி பொய். நான்தான் எழுதினேன். நீ திரும்பணும்னு எழுதினேன்."

அவன் அவளை இரக்கத்தோடு பார்த்தான். "சங்கத்தைக் காப்பாத்தணும்னு இப்படிப் பழிய நீ ஏத்துக்காதக்கா. எங்க உசிரைக் காப்பாத்தினது அந்தச் செய்திதான். உங்க சங்கம் ஒரு வார்த்தை சொன்னுச்சா?"

அவள் எதிரொலிமானியைக் காட்டினாள். வாய்க்காலின் குறுக்கே பாறை தெளிவாகத் தெரிந்தது. கூட்டத்தில் பலர் இமைத்தார்கள், அது கண்திரையில் வந்த செய்தி அல்ல என்பதையும் மறந்து. யாரோ மின்கம்பியைப் பிடுங்கினார்கள். அந்தப் பாறையில் முதல் முறையாக விளக்கு அணைந்தது. கூட்டம் கைதட்டியது.

ஆபத்து நீங்கிவிட்டதால், இனி வாய்க்கால் வழியாக நேரே வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோரும் நிம்மதியாகப் படகேறினார்கள். ஒருவருக்கொருவர் இடுப்புக் கயிற்றை அக்கறையோடு இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

தொம்மை அதற்குள் மீட்புப் படகைக் கிளப்பியிருந்தார். ஞானப்பூ ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு அதில் குதித்தாள். வாய்க்காலின் வாயில் மற்றவர்களுக்கு முன்னே போய்க் குறுக்காக நின்றார்கள். செம்மஞ்சள் மங்கலில், பாறை இல்லாத ஓரத்தை விளக்கால் காட்டியபடி, பின்னால் வருகிறவர்கள் வேறெங்கும் ஒதுங்க முடியாதபடி ஊர்ந்தார்கள்.

டைட்டனின் கனத்த காற்றில் ஓசை நன்றாகப் பரவும். வழி விடச் சொல்லிப் பின்னாலிருந்து பிலவேந்திரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான்.