கறுப்பு வெள்ளையில் சசி

மேடையில் இருந்தவர்களில் ஒருவன் மட்டும் நனைந்திருந்தான்.

பழைய படச்சுருளின் கறை என்றுதான் கணேஸ்வரன் முதலில் நினைத்தார். அண்மையில் லண்டனில் காலமான ஜாஸ் கலைஞர் டக்ளஸ் ஹெர்னுக்கு அஞ்சலியாக, அறுபதுகளில் எடுத்த காட்சிகளை டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். மகன் சசி இருந்திருந்தால் சாக்ஸபோனை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பான். அவனுக்காகத்தான் மனைவி திலகா டிவியைப் போட்டாள். போன மாதம் தஞ்சோங் காராங்கில் ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டுத் திரும்பியவன், மோட்டார் சைக்கிளோடு வயல் கால்வாயில் விழுந்துவிட்டான்.

கோலசிலாங்கூரின் சாயங்கால மழை கார் கொட்டகைத் தகரத்தில் இரைந்துகொண்டிருக்க, அடுப்பிலிருந்த மீன் குழம்பின் வாசத்தை மெல்ல அமுக்கிக்கொண்டு, அழுகிய வைக்கோலும் சேறும் கலந்த வாடை கூடத்தில் பரவியது.

"என்னங்க, ஓரத்துல நிக்கிறது நம்ம சசிதான்லா."

"வெள்ளக்காரன் பேண்டுல உன் மகன் எங்க வந்தான்? அவன் பொறக்குறதுக்கு முன்னாடி எடுத்த படம் திலகா."

"எல்லாரும் கோட்டு போட்டிருக்காங்க. பிள்ளைக்கு ஒண்ணு குடுக்கல பாருங்க."

கேமரா திரும்பியது. சசிதான். மற்றவர்கள் இடையிடையே மூச்சு வாங்கினார்கள். அவன் வாங்கவில்லை. சாக்ஸபோனிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அன்னைக்குப் பெட்டியத் தூக்குறப்ப என்ன சொன்னே?"

கேட்டாரே தவிர, அது அவர் காதிலும் விழுந்ததுதான். மகன் கச்சேரிக்குக் கிளம்பும்போதெல்லாம் சொல்லும் பழக்கத்தில், பிணம் வாசல் தாண்டும்போது யாரும் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள். போய்ட்டு வாய்யா.

"பெத்தவ வேற என்ன சொல்லுவா?"

அவர் பிளக்கைப் பிடுங்கினார்.

இசை நின்றது. படம் நிற்கவில்லை. டக்ளஸ் இல்லை. மேடை இல்லை. சசி மட்டும். கண்ணாடிக்கு மிக அருகில்.

திலகா துண்டை எடுத்துத் திரையைத் துவட்டினாள். "தலை நனைஞ்சா இருமல் வருமேடா."

துண்டு ஊறிப்போனது. ஈரமுடி அதில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"விட்டுடு திலகா. நீயும் போய்ட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"தொட்டுப் பாருங்க. எப்படி சில்லுனு இருக்கான்."

அவள் கைகள் முழங்கைவரை திரைக்குள்ளே போயிருந்தன. அவளை இழுக்கத்தான் பாய்ந்து பிடித்தார்.

வேறொரு கை அவருடைய விரல்களைத் தேடிப் பற்றியது. ஊறித் தோல் சுருங்கிய கை. பள்ளிக்கூடத்தின் முதல் நாள் பிடித்தது போலவே, இறுக்கமாக, நம்பி.

அவர் இழுப்பதை நிறுத்தினார்.

கால்வாய்த் தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது.