ஆறு மணிப் பாடம்

"இடி விழுந்து மோடம் கெட்டுப் போச்சுங்க" என்று ஷைஜா போனில் தொடங்கிய பொய்யைக் கணவன் ஜெயசிங் பாதியிலேயே வெட்டினான்.

"எந்த மோடம்? இப்பதானே பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக் குடுத்து முடிச்சேன். சத்தம்தான் வரல்ல. படம் நல்லா தெளிஞ்சு வந்துது."

ஷைஜாவின் கையில் செல்போன் வழுக்கியது. அவர்களுடைய ஒரே மகள் ஜிஷாவைக் கருங்கல் ஊருக்குப் பக்கத்து சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து அன்றோடு ஐந்து நாள் ஆகியிருந்தது.

மூன்றே நாள் காய்ச்சல். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஐப்பசி மழை. குழிக்குள் ஊறிய தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள்.

வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகளில் இப்படி மறைப்பது புதிதல்ல. தனியாகக் கிடப்பவனிடம் சாவைச் சொன்னால் அவனைத் தாங்கிப் பிடிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? லீவில் வரட்டும், நேரில் சொல்லலாம் என்று ஊரே சேர்ந்து ஒரு பொய்யைச் சுமக்கும். ஜெயசிங்குக்கோ நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. விமானம் ஏற ஒரு மாதம் கழியட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், தொழிலாளர் கேம்ப் அறையில் ஒற்றையாக ஓய்வில் இருந்தான்.

"அத்தானுக்கிட்ட மூச்சு விடாண்டாம்க்கா" என்று அடக்கத்தன்றே சொல்லிவிட்டான் ஷைஜாவின் தம்பி குமாரதாஸ். "கேட்டா அந்த இடத்திலேயே போயிருவாரு. பிள்ளையும் போய் அவரும் போனா நீ என்ன செய்வே?"

வாத்தியாராக ஆசைப்பட்டு, வாய்க்காமல், அரபு நாட்டில் கம்பி கட்டப் போனவன் ஜெயசிங். மகள் ஏழாம் வகுப்புக்கு வந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டான். அன்று முதல் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவில் பாடம். அவன் தாளில் எழுதிக் கேமராவுக்குக் காட்டுவான், இவள் போட்டுக் காட்டுவாள். பொங்கலுக்கும் கிறிஸ்மசுக்கும்கூட அந்தப் பள்ளிக்கூடத்துக்கு லீவு கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லித்தான் ஷைஜா இத்தனை நாள் அதைத் தள்ளிப் போட்டிருந்தாள்.

ஷைஜா ஜிஷாவின் அறைக்குப் போனாள். மோடத்தின் வயர் அவளே பிடுங்கிச் சுருட்டி வைத்தபடி கிடந்தது. கம்ப்யூட்டர் பெட்டியில் சூடு இல்லை. ஆனால் மேசையில் கணக்கு நோட்டு திறந்திருந்தது. அன்றைய தேதி. நான்கு கணக்குகள், ஜிஷாவின் உருண்டைக் கையெழுத்தில். தொட்டுப் பார்த்தாள். விரலில் மை ஒட்டியது. தாளில் புதிதாக வெட்டிய மண்ணின் ஈர வாடை.

அலறியிருக்க வேண்டும். பெற்றவள் அல்லவா, அலறவில்லை. முந்தானையால் நாற்காலியைத் துடைத்து வைத்தாள்.

மறுநாள் ஐந்தரைக்கே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரும், ரப்பர் தோட்டத்தில் தவளைகள் மாறி மாறிக் கத்துவதும், எங்கோ ஒரு வீட்டு டிவியும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அந்த மங்கலில், ஆறு மணி ஆனதும் எல்லாம் ஒரேயடியாக அடங்கி, தாளில் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நாற்காலி காலியாக இருந்தது. திரை கறுப்பாக இருந்தது.

"மக்கா, அம்மையப் பாரு. ஒரே ஒரு தடவ பாரு மக்கா."

பேனா ஓடியது. ஏழு மணிக்கு நின்றது. போன் அடித்தது.

"ஏட்டி, நீ எதுக்குப் பிள்ளைக்குப் பின்னால கட்டில்ல இருந்து அழுதே? அவ ஏன் அந்த வெள்ளை உடுப்பையே போட்டிருக்கா?"

சவப்பெட்டியில் வைக்கும்போது போட்டுவிட்ட உடுப்பு அது.

ஏழாம் நாள் ஜெயசிங் கேட்டான், "கன்னத்துல என்ன கறுப்பு? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனியா?" எட்டாம் நாள் அவன் குரல் இறங்கியிருந்தது. "விரல்ல நகமே இல்லியே ஷைஜா. என்னமோ மறைக்கிய. சொல்லு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சாவு தெரியாத அப்பாவுக்கு மட்டும்தான் பிள்ளை தெரிந்தாள். சொன்னால் அவன் நெஞ்சு நின்றுவிடும், பிள்ளையும் இரண்டாம் தடவை போய்விடுவாள். சொல்லாவிட்டால், மண்ணுக்குள் நடப்பதையெல்லாம் அவன் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பான். எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை கர்த்தாவே என்று ராத்திரி முழுக்க நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் பாடத்துக்கு நடுவிலேயே போன் வந்தது.

"ஷைஜா... பிள்ளை எந்திரிச்சு வருகு. கேமராவுக்குக் கிட்ட." மூச்சு வாங்கியது. "முகம்... ஏட்டி, அவளுக்க முகம்..."

"பாக்காதீங்க! கண்ண மூடுங்க!" அதைப் பெற்ற அப்பன் பார்க்கக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது. "நம்ம பிள்ளை செத்துப் போச்சுங்க. ஒம்பது நாளு ஆச்சு. நான்தான் மறைச்சேன்."

போனுக்குள் ஏதோ விழுந்தது. கனமாக.

"என்னங்க?"

"என்னங்க!"

மேசைமேல் வெளிச்சம். வயர் இல்லாத கம்ப்யூட்டர். திரை வெளுத்தது.

கேம்ப் அறை. இரும்புக் கட்டில். தரையில் ஜெயசிங். திறந்த கண்.

பக்கத்தில் வெள்ளை உடுப்பு.

"எனக்க பிள்ளே..." ஷைஜா திரையை இரண்டு கையாலும் பிடித்தாள். இத்தனை நாள் கெஞ்சியும் கிடைக்காத பிள்ளை. இப்போது தெரிந்தாள். முதுகு மட்டும். அங்கே.

ஜிஷா திரும்பவில்லை. அப்பாவின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். பேனாவை இடையில் செருகினாள். தன் கையை அந்தக் கைமேல் வைத்து, தரையில் கிடந்த தாளில் மெல்ல இழுத்து, எழுதப் பழக்கினாள். ஒரு வரி. இன்னொரு வரி.

பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

ஜெயசிங்கின் கண்கள் அசையவில்லை. கை மட்டும் எழுதிக்கொண்டே இருந்தது.