மஞ்சள் கோடு போட்ட கிளாம்ப்

மூன்று வாரமாக நான் மட்டும் போய்வந்த ஷெட்டுக்கு, அன்று காலை பத்து மணிக்கு அண்ணியும் வந்தார். ஷட்டரை ஏற்றியதும் கருகிய ஆயில் வாசனை முகத்தில் அடித்தது. ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருந்தேன். அண்ணி அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்.

நடுவில் அண்ணனின் கார். முப்பது வருஷப் பழசு, ஆறு சிலிண்டர். ஆறுக்குக் குறைந்தால் அது எஞ்சின் இல்லை, தையல் மெஷின் என்பான் அண்ணன்.

போன வருஷம் அதற்கு டர்போ மாட்டினோம். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சாமான் அது. பழைய இரும்பு, அழுத்தம் எட்டுக்கு மேல் போனால் தாங்காது என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான். மீட்டர் முள் எட்டைத் தொட்டதும் ஒரு சின்னக் கதவு திறந்து அழுத்தத்தை இறக்கிவிடும். அந்தக் கதவைத் திறக்க வைப்பது சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய்.

கதவு திறக்காதபடி அந்தக் குழாயை நான் பல் வைத்த கிளாம்ப் போட்டு நசுக்கினேன். அவனிடம் சொல்லவில்லை. வண்டி சீறுவதைப் பார்த்து அவன் வாயைப் பிளக்க வேண்டும் என்ற ஆசை, வேறொன்றுமில்லை. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், அவன் எஞ்சின் பக்கத்தில் நின்றான். ஆறாவது சிலிண்டருக்குள் ஓடும் ராடு எஞ்சின் இரும்பைப் பிளந்துகொண்டு வந்து அவன் தொண்டையைக் கிழித்தது. அவனால் கத்தக்கூட முடியவில்லை.

கிளாம்பைக் கழற்றிப் பாழுங்கிணற்றில் போட்டேன். அவன் சாமான்கள் எல்லாவற்றிலும் போடும் மஞ்சள் பெயின்ட் கோடு அதிலும் இருந்தது. அழுத்தத்தைக் கூட்டியது அண்ணன்தான் என்று ஊரெல்லாம் சொன்னேன். அண்ணியும் நம்பினார். செத்தவன் மேல் இருந்த கோபத்தில் வீட்டில் அவன் போட்டோவைக்கூட மாட்டவில்லை.

"உசுர விடற அளவுக்கு இதுல என்னதான் இருக்குன்னு ஒரு தடவ பாத்துடறேன். அப்புறம் காயலான் கடைக்குத் தள்ளிடு," என்று மூன்று வாரம் முன்பு சொல்லியிருந்தார் அண்ணி. அதற்காகத்தான் வேறு எஞ்சின் இறக்கி, பழைய டர்போவையே மாட்டியிருந்தேன்.

அண்ணி சீட்டில் உட்கார்ந்தார். நான் அண்ணன் நின்ற இடத்தில் நின்றேன். குழாயை மூன்று முறை தடவிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

எஞ்சின் உறுமியது. டர்போ விசிலடித்தது. ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பது.

குனிந்தேன். குழாயில் கிளாம்ப் கவ்வியிருந்தது. கிணற்றுச் சேறு காயாமல் சொட்டியது. மஞ்சள் கோடு பளிச்சென்று தெரிந்தது.

"அண்ணி, கால எடுங்க."

"எடுத்துட்டேன்டா. சாவிகூட என் கையில இருக்கு."

பதினொன்று.

கிளாம்பைப் பிடுங்கக் கையை விட்டேன். ஃபேன் பெல்ட் சட்டைக் கையைப் பற்றி உள்ளே இழுத்தது. இரண்டு விரல் போனதைப் பார்த்தேன், வலி பிறகுதான் வந்தது. புது வெள்ளை அடித்த சுவர் முழுக்க ரத்தம். கையை மீட்க முடியவில்லை. பெல்ட் மணிக்கட்டை நோக்கி மென்றுகொண்டே வந்தது. ஆறாவது சிலிண்டர் இருக்கும் இடத்தில் இரும்பு புடைத்தது.

பதினான்கு.

"நான்தான் நசுக்கினேன்! அண்ணன் எட்டுலதான் வச்சிருந்தான்!"

எஞ்சின் நின்றது.

டர்போ மட்டும் சுழன்று சுழன்று அடங்கியது. அண்ணி இறங்கி வந்து குழாயைப் பார்த்தார். அதில் எதுவுமே இல்லை.

"இன்னொரு தடவ சொல்லு," என்றார் மெதுவாக.

சொன்னேன். அழுதுகொண்டே முழுவதையும் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்கு அண்ணி ஒரே ஒரு தடவை வந்தார். "போட்டோவ மாட்டிட்டேன்," என்றார். என் கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. போய்விட்டார். அண்ணன் போட்டோ சுவரில் ஏறிய அந்த ஒன்றில் மட்டும் எனக்கு நிம்மதி.

விரலுக்குக் கட்டுப்போட்ட டாக்டர், கழுத்தில் என்ன காயம் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கண்ணாடி காட்டினார்கள். தொண்டைக்குழியின் இரண்டு பக்கமும் வரிசையாகப் பல் தடம். நடுவில் மஞ்சளாக ஒரு கோடு.

நேற்று மூச்சு முக்கால்வாசி உள்ளே போனது. இன்று பாதி. நர்ஸ் காலையில் ஸ்பிரிட் வைத்து அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டுப் போனாள். இப்போது தொட்டுப் பார்த்தேன்.

பெயின்ட் ஈரமாக இருக்கிறது.