நாலாவது படத்தில் ஆள் இல்லை

“என் படத்துல ஆளே கிடையாது! ஏரி இருக்கு, நாணல் இருக்கு, பனிமூட்டம் இருக்கு. இந்த ஆளை எங்கேருந்து கூட்டிட்டு வந்தே?”

“நான் எதுக்கு அண்ணா கூட்டிட்டு வரணும்? கட்டத்துல இருந்ததைப் போட்டேன்.”

“கண்ணைத் தொடச்சிட்டுப் பாரு!”

“நீங்க முதல்ல கத்தாமப் பாருங்க!”

கேமராக்காரர் கத்தினால் தெருமுனை வரை கேட்கும். வருஷத்தில் பத்து மாதம் வாயைத் திறக்காத மனுஷன், ஆள் கிடைத்தால் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடுவார். அக்கா வீட்டுக்கு நாலு நாள் போய்வருகிறேன் என்று கிளம்பிய அவர் மனைவிக்கு அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. ஒன்பது வருஷம் ஆகிறது. தெருவின் கடைசி வீட்டில் அவரும் கேமராவும்தான். குளிர்காலம் வந்தால் விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போவார், படம் எடுப்பார், திரும்புவார். அந்த வருஷம் ஊர் ஓவியர்களுக்கும் படக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு கண்காட்சி என்று சொல்லி, இந்தப் பெண்ணை அவரோடு ஜோடி சேர்த்திருந்தார்கள். வாரம் ஒன்றாக, ஒரே இடத்தில் அவர் எடுக்கும் நாலு புகைப்படங்களைப் பார்த்து அவள் நாலு ஓவியம் தீட்டவேண்டும்.

அவள் வேலை செய்யும் விதமே தனி. புகைப்படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, தலைகீழாகத் திருப்பிவைத்து, ஒரே ஒரு கட்டம் மட்டும் தெரிகிற மாதிரி ஓட்டை வெட்டிய அட்டையால் மூடிவிடுவாள். ஒரு கட்டம் பார்ப்பாள், ஒரு கட்டம் தீட்டுவாள். “முழுசாப் பாத்தா மனசு கதை கட்டிடும் அண்ணா. கட்டத்துக்குக் கதை தெரியாது” என்பாள். எல்லாம் முடிந்து நிமிர்த்தும்வரை என்ன வரைந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

நிமிர்த்தியபோது அக்கரையில் ஓர் ஆள் நின்றிருந்தான்.

சட்டம் போட அளவெடுக்க வந்திருந்த பிரேம் கடைக்காரர் சிரித்தார். “விடுங்க தலைவரே. ஏரின்னா ஒரு ஆளாவது வேணும். காலியா இருந்தா உங்க வீடு மாதிரி இருக்கும்.”

கேமராக்காரருக்கு அது சுருக்கென்றது. சண்டையை அதற்குமேல் வளர்க்கவும் பயம். இவள் கோபித்துக்கொண்டு போனால், மறுபடி சுவரோடுதான் பேச்சு. அவள் வருகிற நாட்களில் அவர் முகம் சவரம் செய்துகொண்டதும், இரண்டாவது நாற்காலியைத் தூசி தட்டியதும் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் போனபின் அட்டையை எடுத்துப் புகைப்படத்தில் அந்தக் கட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தார். சாம்பல் நிறப் பனி. அவ்வளவுதான். ஆனால் நெடுநேரம் பார்த்தால், அந்தச் சாம்பல் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

இரண்டாவது ஓவியத்தில் ஆள் ஏரியின் நடுவில் நின்றான். தண்ணீர்மேல். மூன்றாவதில் இக்கரை நாணலுக்குள், கைகளைத் தொங்கவிட்டு, விரல்களிலிருந்து நீர் சொட்ட. முகத்துக்கு நேரான கட்டத்தில் மட்டும் வெறும் பனி. இந்தமுறை யாரும் கத்தவில்லை.

“அண்ணா, இன்னும் ஒண்ணுதானே பாக்கி” என்றாள் அவள். “வேற இடத்துல எடுங்களேன்.”

“அதே இடம்னு பேசியாச்சும்மா. பாதியில மாத்துனா என்னைப் பைத்தியம்பாங்க.”

“இப்ப மட்டும் என்ன சொல்றாங்களாம்?” என்றார் பிரேம் கடைக்காரர். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். கேமராக்காரர் அதையும் பார்த்தார்.

நாலாவது வாரம் அவர் கிளம்பியபோது விடிந்துதான் இருந்தது. ஆனால் இருட்டு வெளுத்ததே தவிர, வெளிச்சம் என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. வீட்டிலிருந்து ஏரிவரை விரிந்த புல்வெளியில் உறைபனி உப்புத் தூவியதுபோல் படிந்திருக்க, அவர் வைத்த ஒவ்வோர் அடியும் மெல்ல நொறுங்கி வெள்ளைக்குள் பச்சையாகப் பதிந்தது. அழுகிய நாணலும் சேறும் கலந்த வாடை ஈரத்துணிபோல் மூக்கில் ஒட்டிக்கொள்ள, எங்கோ ஒரு நீர்ப்பறவை இரண்டுமுறை கத்திவிட்டு, யாரோ வாயைப் பொத்தியதுபோல் மூன்றாவதைப் பாதியில் விட்டது.

முக்காலியை நிறுத்தி, கேமராவில் கண்ணை வைத்தார். யாரும் இல்லை. நாணல், நீர், பனி.

தண்ணீரை ஏதோ அளைந்தது. காற்றே இல்லை, ஆனால் ஒரு சிற்றலை கரைவரை வந்து அடங்கியது. அவர் கண்ணை எடுக்கவில்லை. கேமராவுக்குள் யாரும் இல்லை. அது போதும். அதற்குள்ளேயே இருந்துவிடலாம்.

புல் நொறுங்கியது.

ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இடப்பக்கம். அவசரமே இல்லாத அடிகள். கேமராவுக்குள் யாரும் இல்லை. இன்னொன்று. பக்கத்தில். நின்றது.

காதருகே சேற்று வாடை. சூடில்லாத மூச்சு.

விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது.

கண்ணை எடுத்தபோது கரை காலியாகத்தான் இருந்தது. நீரோரத்திலிருந்து முக்காலிவரை பச்சையாக ஒரு கால்தட வரிசை. வெறுங்கால். ஐந்து விரலும் தெளிவு. திரும்பிப் போன தடம் இல்லை.

வீடுவரை அவர் பின்னால் பார்க்கவில்லை. கதவைத் தாழிட்ட பிறகுதான் தோன்றியது. எதை வெளியே விட்டுத் தாழிட்டோம்?

நாலாவது ஓவியத்தை நிமிர்த்தியபோது ஆள் இல்லை. நாணல், நீர், பனி.

“போயிட்டான் அண்ணா!” அவள் கைதட்டினாள்.

“கோவிச்சுட்டாரு போல” என்றார் பிரேம் கடைக்காரர்.

கேமராக்காரரும் சிரித்துவைத்தார். கால்தடத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் இவள் நாளை வரமாட்டாள். அவருடைய சட்டையின் இடது தோள் நாலு நாளாகக் காயவில்லை. எந்தச் சட்டை போட்டாலும் அந்த இடம் மட்டும் நனைந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டார். மழை பெய்யவில்லை.

கண்காட்சி வாசலில் மாட்ட அவருடைய உருவமும் வேண்டும் என்றார்கள். அவரை முன்னறை நாற்காலியில், வெறுஞ்சுவர் பின்னால் தெரிய உட்காரவைத்து, அவளே போனில் எடுத்து, அச்சுப் போட்டு, கட்டம் கட்டி, தலைகீழாக வைத்துத் தீட்டினாள். மூன்று நாள் வேலை. மூன்றாம் நாள் சாயங்காலம் தூரிகையைக் கழுவாமலேயே எழுந்தாள்.

“ஒரு கட்டம் மட்டும் விட்டுட்டேன் அண்ணா. உங்க தலைக்கு மேல இருக்குற கட்டம். என்னால முடியல.”

“நிமிர்த்தும்மா.”

“வேண்டாம்.”

அவரே நிமிர்த்தினார். நாற்காலியில் அவர். அவர் இடது தோளில் ஒரு கை. விரல்கள் வெளுத்து, ஊறி, சுருங்கியிருந்தன. கைக்குப் பின்னால் சொட்டச் சொட்ட நனைந்த ஒரு மார்பு. அதற்கு மேலே, முகம் இருக்கவேண்டிய கட்டத்தில், தீட்டாமல் விட்ட ஓவியத்துணியின் வெள்ளை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் கனம் இருந்தது. எத்தனை நாளாக இருந்தது என்று யோசித்தார். யோசிக்காமல் இருக்க முயன்றார். வாசலில் அவள் செருப்பை மாட்டும் சத்தம்.

“நாளைக்கு வருவியாம்மா?”

படியிறங்கும் சத்தம். அப்புறம் வீட்டின் சத்தம். அவர் மூச்சு. இன்னொரு மூச்சு.

கண்காட்சி நடந்தது, நாலு ஏரிப் படங்களோடு. வசந்தத்தில் ஓவியரும் பிரேம் கடைக்காரரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அளவெடுக்க வந்தவர் அத்தனை தடவை ஏன் வந்தார் என்று தெருவுக்கு அப்போதுதான் விளங்கியதாம், எல்லாம் தெரிந்துகொண்டே நடிப்பு! கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போனார்கள். விடைபெற வந்தவள் வாசலிலேயே நின்றாள். “நீங்களும் வேற வீடு பாத்துக்கோங்க அண்ணா. தனியா இருக்காதீங்க.”

“தனியா எங்கேம்மா இருக்கேன்” என்றாராம்.

அவர் போகவில்லை. அடுத்த குளிர்காலமும் கேமராவை எடுத்துக்கொண்டு போனார். காலையில் ஜன்னலைத் திறந்தால் தெரியும்: அவர் வாசலிலிருந்து ஏரிவரை, உறைபனியில் பச்சையாக இரண்டு வரிசைத் தடம், பக்கம் பக்கமாக. ஒன்று பூட்ஸ், ஒன்று வெறுங்கால். தினமும் இரண்டு போகும், இரண்டு திரும்பும்.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு போனது. திரும்பியது ஒன்று. ஐந்து விரலும் தெளிவு.

சாயங்காலம் கடைசி வீட்டில் வழக்கம்போல் விளக்கு எரிந்தது.